திரையில் விடிவது மதுரைப் பொழுதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நேரத்துக்கேற்ப மெல்ல மெல்ல மாறும் கணினித் திரைப் பின்னணிப் படங்கள் கவனத்தைக் கெடுக்கும் வெறும் பொழுதுபோக்கு என்றும், மின்சாரத்துக்கும் கேடு என்றும் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் அண்மையில் ஒரு துணுக்கு வெளிவந்திருந்தது. அதை எழுதியவர் சன்னல் ஓரமாக உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். சன்னல் இல்லாத அறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினி முன் அமர்ந்து பிழைப்பவன் என்ற முறையில், இந்தப் படங்களைப் பற்றி வேறொரு கருத்தையும், அதைத் தொட்டுத் தங்களிடம் ஒரு வேண்டுகோளையும் வைக்கவே இக்கடிதம். சற்று நீளமாகத்தான் வந்துவிட்டது. இடம் கருதி வெட்ட நேர்ந்தால் முன்பாதியை வெட்டிக்கொள்ளுங்கள். வேண்டுகோளில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

மாசி வீதிகளுக்கு உட்பட்ட ஒரு சந்தில் இருக்கும் அச்சகத்தில் நான் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். திருமண அழைப்பிதழ், காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, திருவிழா நோட்டீசு என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்; மதுரையில் சுவரொட்டிக்கு ஓய்வு கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள் மூவர் உட்காரும் அறை முன்பு தாள் கட்டுகளை அடுக்கிவைத்த இடம். ஏ.சி. பொருத்தியபோது, இருந்த ஒரே சன்னலையும் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். காலை ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்தால் இரவு எட்டு வரை ட்யூப்லைட் வெளிச்சம்தான், அது காலையிலும் அதேதான், மாலையிலும் அதேதான். டீ கொண்டுவரும் தம்பி பதினொரு மணிக்கு ஒரு முறை, நாலு மணிக்கு ஒரு முறை வருவார். அவர் வருவதை வைத்துத்தான் பொழுது. முகூர்த்த மாதங்களில் வேலை முடித்து வெளியே வரும்போது தெரு முழுக்க ஈரமாக இருக்கும், மழை பெய்து ஓய்ந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் முதலாளியின் மகன், கல்லூரியில் படிப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தபோது என் கணினியில் ஒரு பாலைவன மணல் மேட்டின் படத்தைப் பின்னணியாக வைத்துவிட்டுப் போனார். முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் மதிய உணவுக்குப் பின், திறந்திருந்த கோப்புகளையெல்லாம் மூடியபோது, காலையில் மேட்டின் ஒரு பக்கம் விழுந்திருந்த நிழல் அங்கே இல்லாததைப் பார்த்தேன். சாயங்காலம் பார்த்தபோது நிழல் மறுபக்கம் நீண்டு, மணல் செம்பழுப்பாகியிருந்தது. கிளம்பும் நேரத்தில் அதே மேடு நீல இருட்டில் அடங்கிக் கிடந்தது. எங்கோ இருக்கும் மணல்தான், ஆனாலும் அடைத்த சன்னலில் ஒரு பலகையை யாரோ கழற்றியது போல இருந்தது எனக்கு.

முழுத் திரையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பின்னணிப் படம் எங்கே கண்ணில் படப்போகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் திறப்பதற்கு இடையில், பென் டிரைவைச் செருகிவிட்டுக் காத்திருக்கையில், வாடிக்கையாளர் மணமகள் பெயரின் இன்ஷியலைச் சரிபார்க்க வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கையில் என்று நாளொன்றுக்கு இருபது முப்பது முறையாவது அது கண்ணில் படும். சன்னலும் அப்படித்தானே? யாரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

கவனம் கெடும் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பூவும் புலியும் குழந்தையுமாகத் தாவித் தாவி வரும் படத்தொடர் கவனத்தைக் கெடுக்கத்தான் செய்யும், அதில் எனக்கும் ஐயமில்லை. நான் சொல்வது ஒரே இடத்தின் ஒரே காட்சி, வெளிச்சம் மட்டும் மாறுவது. அந்த மாற்றம் நம் கண்ணுக்கு நடக்கும்போது பிடிபடாது, நடந்த பிறகுதான் தெரியும். சூரியன் நகர்வதை உட்கார்ந்து பார்த்தவர் உண்டா? துணுக்கு இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது.

அதைவிடப் பெரிய குழப்பம், விண்டோஸில் இருக்கும் நைட் லைட் என்ற வசதியையும் இதையும் ஒன்றெனச் சொன்னது. 2017-ஆம் ஆண்டு விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்ட நைட் லைட், மாலையானதும் திரை முழுவதையும், அதாவது நாம் செய்துகொண்டிருக்கும் வேலையையும் சேர்த்தே, மஞ்சள் சாயலுக்குக் கொண்டுபோய்விடும். என் போன்றவர்களுக்கு அது ஆபத்து. ஒரு முறை அந்த வசதி தானாக இயங்கியதைக் கவனிக்காமல், ஓர் அழைப்பிதழின் பின்புல மஞ்சள் தூக்கலாக இருக்கிறதே என்று மஞ்சளை 20 விழுக்காட்டிலிருந்து 8-க்குக் குறைத்து பிலேட்டுக்கு அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்தபோது தாள் வெளுத்துக் கிடந்தது. பெண் வீட்டுப் பெரியவர் அழைப்பிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மஞ்சள் தடவின மாதிரியே இல்லையே, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு" என்றார். ஐந்நூறு அழைப்பிதழ்களின் மறு அச்சுக்கூலி என் கணக்கில் ஏறியது. தவறு என்னுடையது, வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. பின்னணிப் படமோ பின்னணியோடு நின்றுவிடும், நாம் திறந்து வைத்திருக்கும் பக்கத்தின் நிறத்தை அது தொடாது.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நிறம் பார்க்கும் வேலையின்போது சுற்றிலும் செம்மை படர்ந்திருந்தால் நடுவில் உள்ள சாம்பல் நிறம் சற்றுப் பச்சையாகத் தோன்றும், இது கண்ணின் இயல்பு. ஆகவே வண்ணத் திருத்தம் செய்யும் அரை மணி நேரத்துக்கு நான் பின்னணியை வெறும் சாம்பலாக மாற்றிக்கொள்கிறேன். மின்சாரத்தைப் பொறுத்தவரை, நம் அலுவலகங்களில் இருக்கும் எல்.சி.டி. திரைகளில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது; படம் விடியற்காலையாக இருந்தாலும் உச்சிவெயிலாக இருந்தாலும் மின்கட்டணத்தில் கண்டுபிடிக்கும்படியான வேறுபாடு வராது. ஓ.எல்.இ.டி. திரை என்றால் இருண்ட படம் மின்சாரத்தைச் சற்று மிச்சப்படுத்தவே செய்யும்.

இனி இந்தப் படங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் என் வேண்டுகோள் அதில்தான் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2018 செப்டம்பரில் வெளியிட்ட மேக் இயங்குதளத்துக்கு, அமெரிக்காவின் மேற்கே உள்ள மொஹாவே பாலைவனத்தின் பெயரைச் சூட்டி, அப்பாலைவனத்து மணல் மேட்டின் 16 படங்களை ஒரே கோப்புக்குள் அடக்கித் தந்தது. ஹெச்.இ.ஐ.சி. என்ற வகையைச் சேர்ந்த அந்தக் கோப்பில் ஒவ்வொரு படத்துக்கும் சூரியனின் உயரக் கோணமும் திசைக் கோணமும் குறிக்கப்பட்டுள்ளன. கணினி, தான் இருக்கும் ஊரில் அந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டு, அதற்குப் பொருத்தமான படத்தைத் திரையில் காட்டுகிறது. கடிகாரத்தைப் பார்த்து மாறுவதன்று, சூரியனைப் பார்த்து மாறுவது. நம் பஞ்சாங்கத்தில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவது எப்படியோ, அப்படி. விண்டோஸ் கணினிகளுக்கு இதே வேலையைச் செய்யும் வின்டைனமிக்டெஸ்க்டாப் என்ற இலவச மென்பொருள் கிடைக்கிறது; அதில் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும், அல்லது உதய, அத்தமன நேரங்களை நாமே கொடுக்கலாம். என் கணினியில் இருப்பது அதுதான்.

ஊர்ப் பெயர் என்றேன், அதில் ஒரு வேடிக்கை நடந்தது. என் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் தங்கை ஒருவர் என்னுடையதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தம் கணினியிலும் அதை நிறுவிக்கொண்டார். அவருடைய கைப்பேசியில் இந்திய நேரத்துக்குக் கொல்கத்தா என்ற பெயர் இருந்ததால், நாடு முழுவதும் ஒரே நேரம்தானே என்று கொல்கத்தா என்றே தட்டச்சு செய்துவிட்டார். ஐப்பசி முழுதும் நாங்கள் ஒன்றும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் மாலை ஐந்து மணி இருக்கும், அவர் திடீரென்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இருட்டிருச்சு, நான் கிளம்புறேன், பஸ்ஸுல கூட்டம் ஏறிரும்" என்றார். என் திரையில் அப்போது மணல் மேட்டில் நல்ல வெயில். இரண்டு கணினிகளையும் அருகருகே பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். வெளியே போய்ப் பார்த்தோம். சந்தின் எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரில் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொல்கத்தா நமக்கு ஏறத்தாழ பத்தேகால் பாகை (டிகிரி) கிழக்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால் அந்தக் கணக்கிலேயே அங்கே 41 நிமிடம் முன்னதாகப் பொழுது போய்விடும். அத்துடன் வடக்கே தள்ளியிருப்பதால் மார்கழியில் அங்கே பகலும் குறைவு. இரண்டும் சேர்ந்து, நமக்கு மாலை 6 மணியையொட்டி நடக்கும் அத்தமனம் அங்கே 5 மணிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. கடிகாரம் ஒன்றுதான், பொழுது வேறு. இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில், உத்தரப்பிரதேசத்து மிர்சாப்பூரை ஒட்டி. மதுரை 78 பாகை 7 கலையில் (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) இருக்கிறது. ஆகவே நமக்கு உண்மையான உச்சிப்பொழுது சராசரியாகப் பகல் 12 மணி 18 நிமிடத்தை ஒட்டித்தான் வருகிறது, அதுவும் நவம்பர் தொடக்கத்தில் 12.01-க்கும் பிப்ரவரி நடுவில் 12.31-க்குமாக முன்பின் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த நகர்வினால்தான் நமக்கு ஆண்டிலேயே மிகத் தாமதமான சூரியோதயம், எல்லோரும் நினைப்பது போல மார்கழியில் அல்லாமல், தை மாதத்தில் 6.40-ஐ ஒட்டி வருகிறது. மார்கழியில் கோலம் போட எழுந்திருப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குளிரைப் பார்த்துச் சொல்கிறார்கள், நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பாலைவனப் படத்துக்கும் நம் ஊருக்கும் உள்ள பொருத்தமின்மையைச் சொல்ல வேண்டும். மொஹாவே ஏறக்குறைய 35 பாகை வடக்கே இருக்கிறது; அங்கே சூரியன் ஒரு நாளும் தலைக்கு நேர் மேலே வருவதில்லை, நண்பகலில் என்றைக்கும் தெற்குப் பக்கமாகவே நிற்கும். மதுரை 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்துவிடும். நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நின்று நிழலைத் தெற்கே தள்ளும். ஆவணியில் மறுபடி ஒரு முறை தலைக்கு மேலே வந்து, பிறகுதான் தெற்கே திரும்பும். அந்த மணல் மேட்டில் இதெல்லாம் எங்கே வரும்? தவிரவும் அங்கே நண்பகல் வானம் கருநீலம். நம் சித்திரை வானமோ வெயிலில் வெளுத்துப்போய், வேட்டியைக் காயப்போட்டது போல இருக்கும். அந்தி விஷயத்திலும் அப்படியே. சூரியன் நமக்குச் செங்குத்தாக இறங்குவதால், அது மறைந்த பின் விளக்கில்லாமல் எழுத்துத் தெரியும் நேரம் இங்கே இருபத்தைந்து நிமிடத்துக்கு உள்ளேதான். ஜூன் மாத லண்டனில் அதே அந்தி நாற்பது நிமிடத்துக்கு மேல் நீளும். வெளிநாட்டுப் படத்தொகுப்புகள் பலவற்றில் மாலைக்கு ஐந்தாறு படமும் நண்பகலுக்கு ஒன்றிரண்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்களுக்கு அது சரி. நமக்கு வெயில்தான் அதிகம், வெயிலிலேயே பல நிறம் உண்டு.

நம் பொழுதுக்கு நாமே படம் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தபோது, விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினிகளில் அதற்கான வழி வெகு காலமாகவே இருப்பது தெரிந்தது. க்னோம் என்ற மேசைத்தளத்தில், மேக்கில் இது வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, எக்ஸ்.எம்.எல். வடிவில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பை எழுதி இதைச் செய்ய முடிந்தது. எந்த நேரத்தில் தொடங்குவது, முதல் படம் எத்தனை விநாடி நிற்பது, அது அடுத்த படமாக எத்தனை விநாடியில் மெல்லக் கரைந்து மாறுவது, இரண்டாம் படம் எத்தனை விநாடி நிற்பது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால் போதும். எல்லாம் சேர்ந்து 86,400 விநாடி வர வேண்டும், அதாவது ஒரு நாள். நோட்டீசு தட்டச்சு செய்யத் தெரிந்தவர் யாரும் ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். எங்கள் அச்சகத்துக் கணக்குப் பிள்ளையின் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு நானே எழுதிப் பார்த்தேன்.

அந்தக் கோப்பை எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், பத்துப் பத்து நாழிகையாக ஆறு சிறுபொழுதாகவும் பிரித்தார்கள்: காலை, நண்பகல், எற்பாடு (சூரியன் சாயும் பிற்பகல்), மாலை, யாமம், வைகறை. ஒரு நாழிகை 24 நிமிடம், அதாவது 1,440 விநாடி. ஒரு சிறுபொழுது 14,400 விநாடி. ஆறு சிறுபொழுதும் சேர்ந்தால் மிச்சம் மீதி இல்லாமல் 86,400. ஆறு படம், ஒவ்வொன்றும் ஏழு நாழிகை நின்று மூன்று நாழிகையில் அடுத்ததாகக் கரைவது என்று 10,080-மும் 4,320-மும் மாற்றி மாற்றி எழுதினேன், கணக்கு உட்கார்ந்துவிட்டது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என்று நிலத்துக்கும் பொழுதுக்கும் முடிச்சுப் போட்ட மொழி நம்முடையது. மாங்குடி மருதனார் 782 அடி மதுரைக்காஞ்சியில் இதே ஊரைப் பகல் கடைத்தெருவான நாளங்காடியிலிருந்து இரவுக் கடைத்தெருவான அல்லங்காடிக்கும், அங்கிருந்து யாமம் யாமமாக விடியலுக்கும் கொண்டுபோகிறார். பொழுது மாற மாற ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிக் கடிகாரத்தைப் பிடித்து எழுதும் கோப்பு, பருவத்துக்கேற்ப மாறும் உதய, அத்தமன நேரங்களைக் கண்டுகொள்ளாதே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். லண்டனுக்கு அது சரியான குறை. அங்கே கோடையில் 5 மணிக்கு முன்பே விடிகிறது, டிசம்பரில் 8 மணிக்குத்தான் விடிகிறது. மதுரையில் ஆண்டு முழுவதும் சூரியோதயம் 5.55-க்கும் 6.40-க்கும் இடையிலேயே நின்றுவிடுகிறது. மிகச் சிறிய பகல் பதினொன்றரை மணி நேரம், மிக நீண்ட பகல் 12 மணி 40 நிமிடத்தையொட்டி. ஆறு மணிக்கு உதயம், பன்னிரண்டு மணி நேரப் பகல் என்று வைத்துத்தானே நாம் திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்று ராகு காலத்தை மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்த வாய்பாடு இத்தனை காலம் ஓடுகிறதென்றால், அதற்கு நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதே காரணம். ராகு காலத்துக்குப் போதுமான துல்லியம் வால்பேப்பருக்கும் போதும். ஆகவே சூரியக் கணக்குத் தெரியாத பழைய கணினியிலும், இணையம் இல்லாத பள்ளிக் கணினியிலும்கூட நம் ஊர்ப் பொழுது ஏறக்குறையச் சரியாக ஓடும். மாநில அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் வகையும் சேர்ந்து வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அவற்றில் எத்தனையோ இன்னும் வீடுகளில் இருக்கின்றன.

குறைவது படம் ஒன்றுதான், அதற்காகத்தான் தங்களிடம் வருகிறேன். தங்கள் நாளிதழில் நல்ல புகைப்படக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு நாள் முழுவதும் ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி ஒத்தக்கடை ஆனைமலையைப் படம் எடுத்து, அதிலிருந்து தேர்ந்த 16 படங்களை வாசகர்கள் தங்கள் கணினிகளில் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளத் தாங்கள் வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மதுரை என்றால் மீனாட்சியம்மன் கோயில் கோபுரம்தானே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கணினி முகப்பில் படத்தின் மேல் கோப்புகளின் சின்னங்கள் வரிசையாக உட்காரும். கோபுரத்தின் மேல் குப்பைத்தொட்டிச் சின்னம் உட்கார்ந்திருப்பதை நாளெல்லாம் பார்க்க என் மனம் ஒப்பவில்லை. வண்டியூர் தெப்பக்குளம் அழகுதான், ஆனால் தண்ணீர் இருக்கும் மாதமா இல்லாத மாதமா என்ற கவலை உண்டு, இருந்தாலும் காற்றில் அலை ஓடுவதால் ஒரு படம் மறு படத்தோடு ஒட்டாது. மலை அசையாது. ஒத்தக்கடைப் பக்கம் நின்று பார்த்தால் துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையேதான், கூரையும் கோபுரமும் குறுக்கே வராத வெற்றுப் பாறை. காலையில் அது ஊதா கலந்த கருமையாக நிற்கும், பத்து மணிக்கு வெளுக்கும், உச்சிவெயிலில் பாறையே கானலில் நடுங்கும், மழை பெய்து வெறித்த மாலையில் ஈரம் பட்ட இடங்கள் மட்டும் யானைத் தோலைப் போலக் கறுத்திருக்கும். கீழக்குயில்குடிச் சமணர் மலையை விரும்புகிறவர்களும் உண்டு. தாமரைக் குளத்தோடு அதை அடுத்த முறை எடுக்கலாம்.

படம் எடுப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும், இந்த வேலைக்கென்று சில செய்திகள் இருக்கின்றன. ஒரு படம் மற்றொன்றாகக் கரையும்போது பாதி வழியில் இரண்டும் அரைகுறையாக ஒன்றன் மேல் ஒன்று தெரியும். கேமரா ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் மலைக்கு இரண்டு முதுகு வந்துவிடும். அச்சில் வண்ணம் விலகி விழுந்தால் எழுத்து இரட்டையாகத் தெரிவது போல. ஆகவே ட்ரைபாட்டின் மூன்று காலுக்கும் தரையில் சுண்ணாம்புக் குறி போட்டுக்கொள்வது நல்லது. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடவே கூடாது. விட்டால் கேமரா மாலைப் பொன்னிறத்தைக் குற்றமென்று நினைத்துத் திருத்திவிடும், எல்லாப் படமும் நண்பகலாகவே வந்து சேரும். பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில் வைத்து விடியல் முதல் இரவு வரை மாற்றாமல் எடுக்க வேண்டும். விடியலிலும் அந்தியிலும் பத்து நிமிடத்துக்கு ஒன்று, நடுப்பகலில் அரை மணிக்கு ஒன்று எடுத்தால் தேர்ந்தெடுக்க வசதியாக இருக்கும். மேகம் அதிகமுள்ள நாள் வேண்டாம், ஒரு படத்து மேகம் அடுத்த படத்தில் பேய்போலத் தொங்கும். விண்டோஸில் சின்னங்கள் இடப்பக்கம் வெள்ளை எழுத்தில் நிற்பதால், இருண்ட பாறை இடப்பக்கம் வருமாறு காட்சியை அமைத்தால் சித்திரை வெயிலிலும் கோப்புப் பெயர்களைப் படிக்க முடியும். இது எனக்கு மணல் மேட்டில் கிடைத்த பாடம். பகல் பன்னிரண்டு மணிக்கு என் கோப்புகளின் பெயர்கள் மணலோடு மணலாகக் கரைந்துபோய், பெரியவர் ஒருவரின் கண்ணீர் அஞ்சலிக்குப் பதில் வேறொருவருடைய பூப்புனித நீராட்டு விழாவைத் திறந்து வைத்தேன். நல்லவேளை, அவர்கள் வீட்டார் யாரும் அப்போது பக்கத்தில் இல்லை.

ஒரே நாளில் எடுத்த படம் ஆண்டு முழுவதும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனி மாத நண்பகலில் சூரியன் வடக்கே 76 பாகை உயரத்தில் நிற்கிறது. மார்கழியில் தெற்கே 57 பாகைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மலையின் தென்முகம் மார்கழியில் வெயில் குளிக்கும், ஆனியில் உச்சிப்பொழுதில் மங்கும். ஆகவே வானம் தெளிந்திருக்கும் தை மாதத்தில் ஒரு தொகுப்பும், கோடையில் ஒரு தொகுப்பும் என்று இரண்டு இருந்தால் நிறைவாக இருக்கும். முதலில் ஒன்றாவது வரட்டும்.

படங்கள் 3840-க்கு 2160 என்ற அளவில் இருந்தால் இன்றைய திரைகளுக்குப் போதும். லினக்ஸ் கணினிகளுக்கான நேரக் கோப்பை நான் எழுதித் தருகிறேன், அதற்குக் கூலி எதுவும் வேண்டாம். விண்டோஸில் நிறுவும் முறையைப் பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்குள் தமிழில் அச்சுக்கோத்துத் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன். ஊர்ப் பெயர் கேட்கும் இடத்தில் மதுரை என்று எழுதும்படி அதில் தடித்த எழுத்தில் போட்டுவிடுவேன், கொல்கத்தா கதை இன்னொரு முறை வேண்டாம். படம் எடுக்கும் நாள் முடிவானால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டுகிறேன். அன்று விடுப்புப் போட்டுவிட்டு வந்து ட்ரைபாட்டுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்படிக்கு,
அச்சக டி.டி.பி. பணியாளன்,
மதுரை.